புக்கிட் கூத்துவில் ஓர் இரவு: ஏறுகிறவர்களும் வீட்டில் இருப்பவர்களும் கேட்பவை

கெர்லிங், களும்பாங், ராசா, பத்தாங் காலி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எங்களோடு மலையேற வருகிற பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும், அவர்களுடைய அம்மாக்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே உள்ளன. பொதுவாக அம்மாக்கள் கேட்பதுதான் சரியான கேள்வியாக இருக்கிறது. அவற்றுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

பயணம் இதுதான்: சனிக்கிழமை காலை கோலா குபு பாருவைத் தாண்டி, பெர்த்தாக் கிராமத்திலிருந்து நடையைத் தொடங்கி, புக்கிட் கூத்து உச்சியில் இரவு தங்குவது. விடிந்ததும் பாறை மேல் ஏறி ஏரியைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இறங்குவது.

மலை ஏரி என்று சொல்லித்தானே கூப்பிட்டீர்கள்? ஏரி உச்சியில் இல்லையா?

இல்லை. ஏரி மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது, நாம் மேலிருந்து பார்க்கிறோம். தீபகற்பத்தின் மலைகளில் இயற்கையான ஏரியைத் தேடினால் கிடைப்பது அரிது. குளிர் நாடுகளில் பனியாறு குடைந்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கி மலை ஏரி உண்டாகிறது. தித்திவங்சா மலைத்தொடரில் அந்த வேலையைச் செய்யப் பனியாறு இல்லை. இங்கே மலையை அறுத்தது மழையும் ஆறும்தான். அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். ஆகவே நம் பக்கத்து மலை ஏரிகள் பெரும்பாலும் ஆற்றை மறித்து உண்டாக்கியவை.

நாம் பார்க்கப் போவது சுங்கை சிலாங்கூர் அணையின் நீர்த்தேக்கம். 2000களின் தொடக்கத்தில் வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் போகிறது. பூர்வகுடிகளான தெமுவான் மக்களின் கெராச்சி, பெர்த்தாக் கிராமங்கள் இந்த அணைக்காகத்தான் இடம் மாற்றப்பட்டன. நாம் வண்டியை நிறுத்துவது அவர்கள் ஊரில். சத்தமாகப் பாட்டுப் போடுவது, கேட்காமல் படம் எடுப்பது, வீட்டு வாசலில் உடை மாற்றுவது எல்லாம் வேண்டாம்.

எவ்வளவு உயரம்? எவ்வளவு நேரம் ஆகும்?

உச்சி 1,053 மீட்டர். பெர்த்தாக்கிலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் மேலே ஏற வேண்டும். பத்துமலையின் 272 படிகளைப் பதினைந்து தடவை ஏறியது போல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் முதுகில் மூட்டையோடு, படியே இல்லாமல். வெறுங்கையோடு வேகமாகப் போகிறவர்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடுவார்கள். இரவுச் சாமான் சுமந்து, மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டுப் போகும் நம் கூட்டத்துக்கு ஐந்து மணி நேரம் என்று கணக்கு. மெதுவாக நடப்பவர் முன்னால் என்பது எங்கள் விதி. பின்னால் விட்டால் அவர் சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அவருக்கு மட்டும் ஓய்வே இருக்காது.

இதுவரை மலையே ஏறாதவர்கள் வரலாமா?

வரலாம். ஒரு மாதம் முன்பிருந்தே வாரத்தில் இரண்டு மூன்று நாள், பையில் அரிசி மூட்டையைப் போட்டு அரைமணி நேரம் மேடு ஏறி இறங்குங்கள். தோட்டத்தில் மேட்டுக்கா பஞ்சம்! ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். பலரும் மூச்சை மட்டும் பழக்கிக்கொண்டு வந்து ஞாயிற்றுக்கிழமை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு எங்களிடமும் சொல்லுங்கள். மறைத்துவிட்டு வராதீர்கள்.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?

இதுதான் முக்கியமான கேள்வி. இந்த மலையில் ஏற்றத்தைவிட ஆற்றுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். பாதையின் தொடக்கத்தில் ஆற்றைக் கடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். காலையில் கணுக்காலை நனைத்த அதே இடத்தில், பின்னேரம் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு போகலாம். நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது. மேலே, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொட்டித் தீர்த்திருக்கும். மலாய்க்காரர்கள் கெபாலா ஆயர் என்று சொல்வது இதைத்தான். நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

வருவதற்கு முன் ஆறு சில அறிகுறிகளைக் காட்டும். தெளிந்திருந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். சற்று முன் தெரிந்த கல் காணாமல் போயிருக்கும். மேலேயிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல் கேட்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் பையை எடுக்கிறேன், செருப்பை எடுக்கிறேன் என்று நிற்காமல் கரையேற வேண்டும். ஓடையோடு போட்டி போட்டுக் கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள்.

கூட்டத்தில் குள்ளமானவரின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, கலங்கி ஓடினாலோ நாங்கள் கடப்பதில்லை. போகும்போது அப்படி இருந்தால் பயணம் ரத்து, கோலா குபு பாருவில் பசியாறிவிட்டு வீடு திரும்புவோம். திரும்பும்போது அப்படி இருந்தால் இந்தக் கரையிலேயே மேட்டில் உட்கார்ந்து காத்திருப்போம். சின்ன மலை ஆறுகள் ஏறும் வேகத்தில் இல்லாவிட்டாலும், மழை விட்டு சில மணி நேரத்தில் வடிந்துவிடும். இதனால்தான் ஒவ்வொருவரையும் ஒரு வேளைச் சாப்பாடு அதிகமாகக் கொண்டுவரச் சொல்கிறோம். "திங்கள்கிழமை வேலை இருக்கு" என்று ஆற்றிடம் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான். ஆகவே காலை எட்டு மணிக்குள் ஆற்றைத் தாண்டியிருக்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு உச்சி எட்டாவிட்டால், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம். உச்சி தலைக்கு மேலே தெரிந்தாலும் சரி. இதில் வாக்குவாதம் கிடையாது.

எந்த மாதம் நல்லது?

சிலாங்கூரில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் மழை மிகுந்தவை. ஜூன், ஜூலையும் பிப்ரவரியும் கொஞ்சம் காய்ந்திருக்கும். தைப்பூசத்துக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் நாங்கள் பெரும்பாலும் திட்டமிடுகிறோம். புறப்படும் வாரத்தில் வானிலைத் துறையின் மைகுவாச்சா செயலியைப் பாருங்கள்.

கூடாரம் போட்ட இடத்தில் மண் சரிந்தால்?

பத்தாங் காலியை நினைத்துத்தான் கேட்கிறீர்கள், தெரியும். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் கெந்திங் போகும் சாலையோரச் சரிவு இடிந்து, கீழே கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் இறந்துபோனார்கள். நம் மாவட்டத்தில் நடந்தது. பெருமழை பெய்யாத நேரத்தில்கூட மண்ணுக்குள் பல நாள் ஈரம் ஊறியிருக்கலாம் என்று அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எல்லோரும் பேசத் தொடங்கினார்கள். நாங்கள் சரிவின் அடியிலோ, வெட்டிய மண் சுவரின் கீழோ, ஆற்றங்கரை மணல் திட்டிலோ தங்குவதில்லை. உச்சியில் தங்குவதற்கு ஒரு காரணமே தலைக்கு மேல் சரிவு இல்லை என்பதுதான். பட்ட மரமும் முறிந்து தொங்கும் கிளையும் மேலே இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் கயிறு கட்டுவோம். பல நாள் அடைமழைக்குப் பிறகு, அன்றைக்கு வெயில் அடித்தாலும் போவதில்லை.

அனுமதி வாங்க வேண்டுமா?

ஆம். இது காப்புக் காடு. உலு சிலாங்கூர் மாவட்ட வன இலாகாவில் அனுமதி வாங்க வேண்டும். பெயர், அடையாள அட்டை எண், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் விவரம் எல்லாம் முன்கூட்டியே தந்துவிடுங்கள். இரவு தங்குவதை விண்ணப்பத்திலேயே எழுதுவோம். அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் பகல் பயணமாக மாற்றிக்கொள்வோம், திருட்டுத்தனமாகத் தங்க மாட்டோம். பாதை சில சமயம் மூடப்படும், அதையும் அந்த வாரமே கேட்டுக்கொள்வோம். மாலிம் குனோங் எனப்படும் பதிவு பெற்ற மலை வழிகாட்டி இல்லாமல் நாங்கள் ஏறுவதில்லை.

என்ன சப்பாத்து வாங்குவது?

நூற்றுக்கணக்கில் ரிங்கிட் செலவு பண்ணாதீர்கள். கம்போங் அடிடாஸ் போதும். பால்மரம் வெட்டுகிற நம் அப்பா அம்மாக்கள் போட்டுக்கொண்டு போகிற அதே கறுப்பு ரப்பர் சப்பாத்துதான். பல வழிகாட்டிகள் காலிலும் அதைத்தான் பார்ப்பீர்கள். ஒரே அச்சில் வார்த்த ரப்பர், தையல் இல்லை, ஒட்டு இல்லை, ஆகவே அடி பிய்ந்து வராது. அடியில் உள்ள முட்கள் சேற்றில் நன்றாகக் கடித்துப் பிடிக்கும். ஆற்றில் இறங்கினால் தண்ணீர் உள்ளே வரும்தான், கரையேறிக் கவிழ்த்துக் கொட்டினால் தீர்ந்தது. விலை கூடிய சப்பாத்தோ நனைந்தால் இரண்டு நாள் காயாமல் காலைக் கொல்லும். அளவு ஒன்று பெரிதாக வாங்கி, முழங்கால் வரை வரும் பந்து விளையாட்டுக் காலுறை போடுங்கள். வெறுங்காலில் போட்டால் குதிகால் உரிந்துவிடும். ஒரே குறை, உள்ளங்காலுக்கு மெத்தை கிடையாது. பழக்கமில்லாதவர்கள் மெல்லிய உள்ளட்டை ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் மரம் வெட்டுகிற யாராவது இருந்தால் அவர்களுடைய தலைவிளக்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசி வெளிச்சத்தை நம்பி வராதீர்கள்.

வேறு என்னென்ன?

பை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. பைக்குள் முதலில் ஒரு பெரிய கறுப்புக் குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போடுங்கள். மழை உறை வெளியே போட்டாலும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கும். தூங்குவதற்கு ஒரு உலர்ந்த உடை தனியாக. அதை நடக்கும்போது தொடவே கூடாது. உச்சியில் கீழே இருப்பதைவிட ஐந்து டிகிரி வரை குளிரும், காற்றும் அடிக்கும். நீளக்கை பனியனும் மெல்லிய போர்வையும் போதும். ஃப்ளைஷீட்டும் (தலைக்கு மேல் கயிற்றில் கட்டும் மழை விரிப்பு) தரை விரிப்பும் குழுவிடம் உள்ளன. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கல் மாதிரி கனக்கும்.

சாப்பாடு என்ன கொண்டுவருவது?

முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சோறு. இதைவிட நல்ல மலைச் சாப்பாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பது என் கட்சி. நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, புளிக்காய்ச்சல் கெட்டியாக இருந்து, சோறு நன்றாக ஆறிய பிறகு கிளறி, வாட்டிய வாழையிலையில் கட்டினால் மதியம் வரை கெடாமல் இருக்கும். சூடாகக் கட்டினால் உள்ளே வியர்த்துக் கெட்டுப்போகும். தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த நெத்திலி. நாசி லெமாக் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்பவர்கள் அதைப் பெர்த்தாக்கிலேயே காலையில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் சோறு வெயிலில் பைக்குள் கிடந்தால் பதினொரு மணிக்கே நாறிவிடும்.

இரவுக்கு மேகி, டின் சார்டின், வெங்காயம், பச்சை மிளகாய். காலையில் பிஸ்கட்டும் மைலோவும். அடுப்பு குழு கொண்டுவரும் சின்ன கேஸ் அடுப்பு. விறகு மூட்டித் தீ வளர்ப்பது கிடையாது. மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

தண்ணீர்?

ஆளுக்கு மூன்று லிட்டர் கொள்ளும் பாட்டில். பாதையில் நீரோடைகள் உண்டு, கடைசி ஓடையில் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டுதான் மேலே போவோம். உச்சியில் தண்ணீரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஓடைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி கண்ணுக்குத் தெரியாது.

அட்டை கடிக்குமா?

கடிக்கும். மழைக்குப் பிறகு நிறையவே கடிக்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அட்டையைப் பற்றி நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது? காலுறைக்குள் கால்சட்டையைச் செருகுங்கள், காலுறையில் சவர்க்காரமோ ஈரப் புகையிலையோ தேயுங்கள். ஒட்டிக்கொண்டால் உப்பு, நெருப்பு எல்லாம் வேண்டாம், அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். நகத்தை அதன் வாய்ப்பக்கம் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம்.

புலி, யானை?

மலாயாப் புலி நாட்டில் 150-க்கும் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது என்று 2022-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. நீங்கள் அதைப் பார்ப்பதற்கு முன் அது உங்களைப் பார்த்துவிட்டு விலகிப் போயிருக்கும். நடைமுறையில் தொல்லை தருவது குரங்கும் காட்டுப்பன்றியும். சாப்பாட்டை ஃப்ளைஷீட்டுக்குள் வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். உண்மையான ஆபத்து குளவிக் கூடு. முன்னால் போகிறவர் "குளவி" என்றால் கையை வீசாமல், கத்தாமல், வந்த வழியே வேகமாகத் திரும்புங்கள்.

பெண்பிள்ளைகளை அனுப்பலாமா?

அனுப்பலாம். எப்போதும் குறைந்தது இரண்டு பெரிய பெண்கள் கூட வருவார்கள், அக்காவோ அத்தையோ யாராவது. இல்லையென்றால் பயணம் இல்லை. தங்கும் இடம் தனி. மாதவிலக்கு நாட்களில் வரலாமா என்று கேட்கிறீர்கள். வரலாம். உபயோகித்த பேட்களை இறுகக் கட்டும் பையில் போட்டுத் திருப்பி எடுத்து வர வேண்டும், அவ்வளவுதான். 18 வயதுக்குட்பட்டவர்கள் யாராக இருந்தாலும் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

மேலே வெள்ளைக்காரன் பங்களா இருக்கிறதாமே? பேய்?

பங்களா இருந்தது. 1890களில் ஆங்கிலேய அதிகாரிகள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் தப்பி ஓய்வெடுக்க அங்கே விடுதி கட்டினார்கள். சிலாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் ட்ரீச்சர் பெயரால் ட்ரீச்சர்ஸ் ஹில் என்றும் அழைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது குளிர்காயும் அடுப்பும் அதன் புகைபோக்கியும்தான். காட்டுக்கு நடுவே வீடே இல்லாமல் புகைபோக்கி மட்டும் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்தான். அதைச் சாய்ந்துகொண்டு படம் எடுக்காதீர்கள், பழைய செங்கல். பேயைப் பற்றி எங்களிடம் தகவல் இல்லை.

புறப்படும்போது முனீஸ்வரர் கோயிலில் சூடம் காட்டிவிட்டுப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக, தோட்டத்தில். காட்டுக்குள் சூடம், ஊதுபத்தி வேண்டாம்.

ஏரியில் குளிக்கலாமா?

கூடாது. குடிநீர்த் தேக்கம், ஓரத்திலேயே ஆழம். ஃபிரேசர் மலைக்குப் போகும் சாலையிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலைக்கும் ஒரு கதை உண்டு: மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னியை 1951 அக்டோபர் 6-ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து சுட்டுக் கொன்றது அங்கேதான். அப்புறம், கோலா குபுவின் பழைய ஊர் 1883-இல் அணை உடைந்து வெள்ளத்தில் போனது. இப்போதைய கோலா குபு பாரு அதற்குப் பிறகு, வெள்ளத் தொல்லை தாங்காமல் மேட்டில் கட்டிய ஊர். தண்ணீரைப் பற்றி நாங்கள் இவ்வளவு பேசுவதற்கு ஊர்ச் சரித்திரமும் ஒரு காரணம்.

கைப்பேசி எடுக்குமா?

நம்பாதீர்கள். ஆற்றுப் பள்ளத்தில் பெரும்பாலும் எடுக்காது, உச்சியில் சில சமயம் எடுக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் எங்களிடமிருந்து அழைப்பு வராவிட்டால், வீட்டில் உள்ள பொறுப்பாளர் 999-க்கு அழைப்பார். பெற்றோர்களிடம் அவருடைய எண் இருக்கும். அதற்கு முன் ஆளாளுக்கு பெர்த்தாக்குக்கு மோட்டாரில் கிளம்பிவிட வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால்?

உடனே கிளினிக்குக் காட்டுங்கள். காட்டுக்குப் போய் வந்ததை நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒன்று எலிக்காய்ச்சல். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் கால் காயம் வழியாக உள்ளே போவதால் வருவது, பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம் கழித்துத் தலைகாட்டும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள். இன்னொன்று குரங்கு மலேரியா. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா நம் நாட்டில் 2018 முதல் உள்ளூரில் பதிவாகவில்லை, ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி வகை இன்னும் இருக்கிறது. அது வேகமாக முற்றக்கூடியது, ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பொழுது சாயும் நேரத்தில் நீளக்கைச் சட்டை போட்டு, கொசு மருந்து பூசுவது இதற்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரலாம்?

காலை எட்டரைக்கு இறங்கத் தொடங்கினால் மதியம் பெர்த்தாக், மூன்று மணிக்குள் வீடு. ரயிலில் வருகிறவர்களை கோலா குபு பாரு கொமியூட்டர் நிலையத்தில் விடுவோம். நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருப்பதால் நடந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். ஆறு மறித்துவிட்டால் இரவுகூட ஆகலாம். அன்றைக்குக் கல்யாண வரவேற்பு, பிறந்தநாள் என்று எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.